நாய்க்கு நேர்த்திக்கடன் இல்லை

தைப்பூசத்தன்று சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரத்திலுள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படும். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கும் மேலான நடை. அலகு குத்தியவரையோ, வெறுங்காலோடு பால்குடம் சுமப்பவரையோ பார்த்துப் ‘பாவம்’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நேர்ந்துகொண்டவர்கள் அவர்கள், விரதமிருந்து, வலி வரும் என்று தெரிந்தே வருகிறார்கள். முதுகில் மூட்டையும் கையில் நாயின் வாருமாக நெடுந்தொலைவு நடக்கக் கிளம்புவோருக்கு இந்த நியாயம் பாதிதான் பொருந்தும். நேர்ந்தது ஒருவர், நடப்பது இருவர்.

நாய் ஆசையாகத்தானே வருகிறது என்பார்கள். வரத்தான் செய்யும். 2019இல் திருமலையிலிருந்து சபரிமலைக்கு நடந்த 13 ஐயப்ப பக்தர்களைத் தெருநாய் ஒன்று தானாகவே பின்தொடர்ந்தது. கர்நாடகத்தின் சிக்கமகளூருப் பக்கம் வந்தபோது 480 கிலோமீட்டர் கடந்திருந்தது. ஆனால் கழுத்துப்பட்டை இல்லாத அந்த நாய் நினைத்த இடத்தில் நின்றுவிட முடியும். அதனால்தான் அது வந்ததைச் சம்மதம் என்று கொள்ளலாம். சிங்கப்பூரில் பொது இடத்தில் நாய்க்கு வார் கட்டாயம். வாரின் மறுமுனையில் இருப்பவர் நின்றால்தான் நாய் நிற்க முடியும்.

நாய் களைப்பை வாய்விட்டுச் சொல்லாது, உடம்பு சொல்லும். பிற்பகலில் சிராங்கூன் சாலையில் கவனித்தால் தெரியும்: கடை அஞ்சடி நிழல் முடியும் இடத்தில் நாய் தயங்கும், வெயில் ஏறிய தரையில் பாதங்களை மாற்றி மாற்றித் தூக்கும், நாக்கு அகன்று தொங்கும். மனிதனைப் போல் அதற்கு உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் அதுவும் சரியாகக் கைகொடுக்காது. பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களின் பாடு இன்னும் மோசம்.

அதற்காக வீட்டோடு பூட்டி வைப்பது கருணை ஆகிவிடாது. நாளெல்லாம் அடுக்குமாடி வீட்டுக் கதவைப் பார்த்துக் கிடக்கும் நாய்க்கு நடை ஒரு விடுதலை. ஆகவே நடப்பதில் தவறில்லை. தூரத்தை முன்கூட்டியே முடிவுகட்டி, அதை நாயின் கால்கள் மீது ஏற்றுவதில்தான் தவறு. சிங்கப்பூரின் பழைய ரயில் தடத்தின் 24 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் முடித்தேன் என்ற பெருமை மனிதனுடையது. 1933 வரை ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயம் நடந்தது. பணயம் வைத்தவர்கள் மனிதர்கள், ஓடியவை குதிரைகள். நெடுநடையிலும் அப்படி ஆகிவிடக்கூடாது.

திரும்பும் வழியும் இந்தக் கணக்கில் சேரும். வழிகாட்டி நாய் போன்ற உதவி நாய்களைத் தவிர மற்றவற்றுக்கு எம்ஆர்டியிலும் பேருந்திலும் இடமில்லை. பாதி வழியில் மனிதன் ரயிலேறிவிடலாம், நாய் ஏற முடியாது. அதற்கு வண்டி ஏற்பாடு செய்யாமல் கிளம்புவது, திரும்பும் உரிமையைப் பறித்துவிட்டு அழைத்துப் போவதற்குச் சமம்.

தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் போக மாட்டேன் என்று தருமர் நின்றதைப் பலரும் நாயின் விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. உண்மையில் அங்கே இலக்கைத் துறக்கத் துணிந்தவர் மனிதர். நாயோடு நெடுநடை போக அந்தத் துணிவே தகுதி. நாய் நின்ற இடத்தில் பயணத்தை முடித்துக்கொள்ள மனமில்லாதவர் தனியாகப் போகட்டும்.