ஆயுள் என்றால் யாருடைய ஆயுள்?

சிறுபத்திரிகை உலகில் ஒரு பழைய கிண்டல் உண்டு. ஆயுள் சந்தா என்று போட்டிருக்கிறார்களே, அது சந்தாதாரரின் ஆயுளா, பத்திரிகையின் ஆயுளா? பெரும்பாலும் பத்திரிகைதான் முந்திக்கொள்ளும். பணம் கட்டியவர்கள் அதற்காகச் சண்டைக்குப் போவதில்லை. கட்டும்போதே அது பாதி நன்கொடை என்று அவர்களுக்குத் தெரியும்.

2005 கடைசியில் இதே ஆயுள், செல்போன் கடைகளுக்கு வந்தது. 999 ரூபாய் கட்டினால் லைஃப்டைம் வேலிடிட்டி. அதுவரை ப்ரீபெய்டு என்பது நிற்காமல் ஓடும் மீட்டர். பேசினாலும் பேசாவிட்டாலும் கார்டு வாங்கிச் சுரண்டி நம்பரை அடித்தாக வேண்டும், இல்லையென்றால் வேலிடிட்டி முடிந்து சிம் செத்துவிடும். லைஃப்டைம் அந்தப் பயத்துக்கு ஒரே தவணையில் முடிவு கட்டியது. இனி இன்கமிங் எப்போதும் வரும். பேச வேண்டுமானால் மட்டும் டாப்-அப். போட்டி கூடக்கூட அதன் விலை 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது.

லைஃப்டைம் என்றால் யாருடைய லைஃப் என்ற கேள்வி இங்கேயும் எழுந்தது. 2006 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் பதில் சொன்னது: நிறுவனத்தின் உரிமமோ, புதுப்பிக்கப்பட்ட உரிமமோ இருக்கும் காலம் வரை. உரிமம் எந்த மாதம், எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். ஆக, சிறுபத்திரிகைக் கிண்டலுக்குச் சட்டபூர்வமாகவே விடை கிடைத்துவிட்டது. ஆயுள், கொடுப்பவருடையது. ஆனால் கடை பேனரில் பெரிதாகத் தெரிந்தது லைஃப்டைம் என்ற ஒற்றைச் சொல்தான்.

என் அத்தை அந்தச் சொல்லை நம்பி ஒரு சிம் வாங்கினார். பெட்டிக்கடையில் 10 ரூபாய் ஈசி போடுவார். வரியும் கட்டணமும் போக ஏழெட்டு ரூபாய்தான் பேலன்ஸில் ஏறும். அதை ஒரு மாதம் ஓட்டுவார். மீதி எல்லாம் மிஸ்டு கால். ஒரு ரிங் என்றால் பஸ் ஏறியாச்சு. இரண்டு ரிங் என்றால் வந்து சேர்ந்தாச்சு. விடாமல் அடித்தால் எடுக்கணும், காசு போனால் போகட்டும். அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இப்படி ஒரு அகராதி இருந்தது.

அதற்கு எழுதப்படாத சட்டமும் இருந்தது. சம்பளம் வாங்குகிறவன்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். படிக்கிற பிள்ளை அப்பாவுக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம், அப்பா பிள்ளைக்குக் கொடுத்தால் சிரிப்பார்கள். வேலை கிடைத்த மாதத்திலிருந்து திசை மாறிவிடும். எந்த கம்பெனியும் வகுக்காத இந்தக் கட்டண விகிதம், இருப்பவன் கட்டட்டும் என்ற ஒரே விதியில் நடந்தது.

இதைச் சொன்னால் அலுவலக நண்பன் ஒருவன் கேட்பான். "அது ஓசிதானேடா? டவர் இருக்கு, கரண்ட் பில் இருக்கு, ஸ்பெக்ட்ரம் ஏலம் இருக்கு. உங்க அத்தை காசே குடுக்காம அதையெல்லாம் யூஸ் பண்றாங்க. எல்லாரும் அப்படிப் பண்ணா கம்பெனி எப்படி நடக்கும்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. எடுக்காத அழைப்புக்கும் நெட்வொர்க் வேலை செய்கிறது. எதிர்முனை போன் எந்த டவருக்குக் கீழே இருக்கிறது என்று தேடி, வழி அமைத்து, மணியடிக்க வைக்கிறது. "வந்து சேர்ந்தாச்சு" என்ற செய்தி இலவசமாகப் போய்ச் சேர்கிறது. எல்லாரும் செய்தால் தாங்காத ஒன்றை ஒருவர் செய்வது நியாயமா என்பது அறவியலில் பழைய கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் இதே காரியத்தைப் பெரியவர்கள் செய்தபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம். அப்போது ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அழைத்தால், அழைத்தவரின் கம்பெனி எடுத்தவரின் கம்பெனிக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் தர வேண்டும். 2019-ல் ஜியோ தன்னிடமிருந்து போகும் அழைப்புகளின் ரிங் நேரத்தை 20 விநாடியாகக் குறைத்தது. எடுப்பதற்குள் மணி நின்றுவிடும், எதிர்முனைக்காரர் திருப்பிக் கூப்பிடுவார், கட்டணம் வரும் திசை மாறும். ஏர்டெல் ட்ராயிடம் புகார் செய்தது. பிறகு தானும் 25 விநாடிக்கு இறங்கியது. கடைசியில் நவம்பர் 1 அன்று ட்ராய், செல்போன் 30 விநாடி அடிக்க வேண்டும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. அத்தை ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்கச் செய்ததை இரண்டு பெரிய கம்பெனிகள் நாடு முழுவதும் செய்தன. அங்கே அதை ஓசி என்று யாரும் சொல்லவில்லை, வணிக உத்தி என்றார்கள்.

அந்த நிமிடக் கட்டணத்துக்குள்தான் நண்பனின் கேள்விக்கான முக்கியமான பதில் இருக்கிறது. 2009-லிருந்து 2015 வரை அது நிமிடத்துக்கு 20 பைசா. நான் வேறு கம்பெனி சிம்மிலிருந்து அத்தையிடம் தினம் பத்து நிமிடம் பேசினால், அவருடைய கம்பெனிக்கு நாளுக்கு 2 ரூபாய், மாதம் 60 ரூபாய். அவர் கையால் போட்டது 10 ரூபாய். அவர் வெறுமனே போனை எடுத்து "சொல்லுப்பா" என்றதாலேயே கம்பெனிக்குப் பணம் வந்தது. அழைப்பு என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் காரியம். எடுக்க ஆளில்லாவிட்டால் அழைக்கிறவன் எதற்கு ரீசார்ஜ் செய்வான்? கேட்பவரும் நெட்வொர்க்கின் மதிப்பில் பாதி.

2015-ல் அந்தக் கட்டணம் 14 பைசா ஆனது. 2017 அக்டோபரில் 6 பைசா. 2021 தொடக்கத்தில் பூஜ்யம். இதற்கு நடுவே, 2018 கடைசியில், பெரிய கம்பெனிகள் புது விதி கொண்டுவந்தன: 28 நாளுக்கு ஒருமுறை 35 ரூபாயாவது போடாவிட்டால் முதலில் அவுட்கோயிங் போகும், பிறகு இன்கமிங்கும் போகும். லைஃப்டைம் வாங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான். ட்ராய் தலையிட்டு, வாடிக்கையாளர்களுக்கு விவரத்தைத் தெளிவாகச் சொல்லச் சொன்னது. விதி நின்றுவிட்டது. அத்தை மாறவில்லை, அதே போன், அதே 10 ரூபாய். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மாறியது, அவர் வாடிக்கையாளரிலிருந்து பாரம் ஆகிவிட்டார். நானும் மென்பொருள் வேலையில், ஒரு யூசருக்குச் சராசரி வருமானம் எவ்வளவு என்று காட்டும் வரைபடங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவன்தான். சராசரியைக் கீழே இழுக்கும் புள்ளிகளை அந்தத் திரையில் பார்க்கும்போது அவர்களுக்கு ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தோமா என்ற கேள்வி எழவே எழாது. அதற்கென்று அங்கே ஒரு கட்டமும் இல்லை.

அதே 2018-ல்தான் ஏர்செல் திவால் மனு கொடுத்தது. தமிழ்நாட்டில் சிக்னல் இல்லாமல், வேறு நெட்வொர்க்குக்கு மாறும் கோடு கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள். அந்த லைஃப்டைமும் முறிந்தது. ஆனால் அது சிறுபத்திரிகை நின்றுபோனது மாதிரி. செத்தவரிடம் வாக்கைக் கேட்க முடியாது. உயிரோடு, டவரோடு, விளம்பரத்தோடு இருப்பவர் "ஆயுள் என்று சொன்னது அப்போது" என்று சொல்வது வேறு விஷயம். இரண்டிலும் நஷ்டம் ஒன்றுதான். முதலாவதை விதி என்று விட்டுவிடலாம். இரண்டாவதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

செலவு கூடினால் விலையை ஏற்றக் கூடாதா? ஏற்றலாம், புதிதாக வருகிறவருக்கு. பழையவரிடம் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, அது ஆயுளுக்கு என்று சொன்ன பிறகு, கணக்குத் தப்பாகிவிட்டது என்றால் அந்தத் தப்பு யாருடையது? பலர் பாதியில் மறந்துவிடுவார்கள், நம்பரை மாற்றிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இப்படிப்பட்ட திட்டங்கள் விற்கப்படுகின்றன. ஜனவரியில் வருடச் சந்தா வாங்கும் ஜிம்மும் அதே நம்பிக்கையில்தான் நடக்கிறது. தினமும் ஜிம்முக்குப் போகிறவரை யாரும் சுரண்டுகிறார் என்று சொல்வதில்லை. பழைய ப்ளானைக் கடைசிச் சொட்டு வரை பிழிகிறவரும் அவரைப் போலத்தான். விற்றவர் பாதி மனதோடு சொன்ன சொல்லை அவர் முழுதாக எடுத்துக்கொண்டார்.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாதபடி ஒன்று நடந்திருக்கிறது. அத்தை சிம் வாங்கியபோது அது பேசுவதற்கான நம்பர். இன்று அது ஆதாரில், வங்கிப் பாஸ்புக்கில், கேஸ் புத்தகத்தில், ரேஷன் கார்டில் இருக்கிறது. ஓடிபி வராவிட்டால் சொந்தப் பணத்தை எடுப்பதே கஷ்டம். விட்டுவிட்டால் சில மாதங்களில் அந்த நம்பர் வேறொருவருக்குப் போய்விடும். முன்பு ரீசார்ஜ் பேச்சுக்கான விலை. இப்போது அது, இன்னார்தான் இவர் என்று இருப்பதற்கான வாடகை. 35 ரூபாயாக இருந்த அந்த வாடகை, 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு பெரிய தனியார் நிறுவனம் ஒன்றில் 28 நாளுக்கு 199 ஆனது. ஆயுளைப் போலவே மாதமும் சுருங்கிவிட்டதால் வருடத்துக்கு 13 தடவை: 455 ரூபாய் இருந்த இடத்தில் 2,587. அதில் ஒரு பகுதி, பட்டன் போன் வைத்திருப்பவர் தொடவே போகாத டேட்டாவுக்கு. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் வேண்டுபவர்களுக்குத் தனி பேக் வையுங்கள், 365 நாள் வரை வேலிடிட்டி கொடுக்கலாம் என்று 2024 டிசம்பரில் ட்ராய் சொல்ல வேண்டியிருந்தது. பேச மட்டும் போன் வைத்திருப்பவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதையே ஓர் உத்தரவு போட்டு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ரீசார்ஜ் கடையில் யாராவது பெரியவர் "நம்பர் கட்டாகாம இருக்க குறைஞ்சது எவ்வளவு போடணும்?" என்று கேட்டால் பின்னால் நிற்பவர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. கடைக்காரரும் ஒரு பெரிய பேக்கைச் சொல்லித் தள்ளிவிடப் பார்க்கிறார். கஞ்சத்தனமான கேள்வி மாதிரிதான் காதில் விழும். ஒரு மனிதர் மற்றவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் அவர் கேட்கிறார். அந்தத் தொகையை யார் முடிவு செய்வது, எதை வைத்து முடிவு செய்வது என்பதற்கு கம்பெனிகளிடமும் பதில் வாங்க வேண்டியிருக்கிறது. அதுவரை அவர் கடைசி ரூபாய் வரை எண்ணிப் பார்த்துப் போடட்டும். வரிசையில் நாம் இரண்டு நிமிடம் காத்திருக்கலாம்.