பொன்மீனும் அடைக்கலமும்

மன்னார்த் தீவின் மணல் வளவொன்றில், கிணற்றடி ஈரத்தை நம்பி வாழையும் முருங்கையும் நிற்கும் மூலையில், சீமெந்தினால் ஒரு சிறு குளம் கட்டி, அதில் அல்லி நட்டு, கடையில் வாங்கிய நாலைந்து பொன்மீன்களை விட்டு வளர்க்க ஒரு குடும்பத்தார் ஆசைப்பட்டால், அந்த ஆசையில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று பலரும் எண்ணக்கூடும். பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்குக் கண்குளிர்ச்சி, வீட்டுக்கு அலங்காரம் என்று அதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால், ஓர் உயிரை அதன் அழகின் பொருட்டு நான்கு சுவருக்குள் வைத்துக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டா, உண்டென்றால் அந்த உரிமை அவனிடம் எதைக் கேட்கிறது என்ற வினா, சாஸ்திர விசாரங்களில் எழும் எந்த வினாவுக்கும் குறைந்ததன்று என்பது என் துணிபு.

கடலை நம்பி வாழும் கரையில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் பள்ளிமுனையிலும் வள்ளங்கள் கரைசேர, மீன் குவிகிறது. அந்த மீனை நண்பகலில் உண்டவரே மாலையில் குளத்தருகே குந்தியிருந்து பொன்மீனுக்கு இரை தூவினால், ஒரு மீனுக்குக் கத்தியும் இன்னொரு மீனுக்குக் கருணையுமா என்று ஒரு கடற்றொழிலாளி கேட்பது முற்றிலும் நியாயமே. அக்கேள்விக்கு விடை தேடும்போது என் நினைவுக்கு முதலில் வருபவர் சேக்கிழார் பாடிய அதிபத்த நாயனார். நாகப்பட்டினத்துக் கரையில் வலைவீசி வாழ்ந்த அவர், நாள்தோறும் படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்தார். வறுமை மிகுந்து, ஒரே ஒரு மீன் மட்டும் பட்ட நாட்களிலும் அந்த ஒன்றை விட்டுப் பட்டினி கிடந்தார். இறுதியில் பொன்னும் மணியும் இழைத்தாற்போன்ற அற்புத மீனொன்று வலையில் ஏறியபோது, அதையும் தயக்கமின்றி அலையில் விட்டார். வலைவீசிய கையை இகழாமல் அதையே வணங்கிய சைவத்தின் பெருந்தன்மையை நான் ஆழ்ந்து போற்றுகிறேன். ஆயினும், கடல் மீனோடு மனிதனுக்குள்ள உறவு இரண்டு முடிவுகளையே அறியும்: உண்பது, அல்லது விடுவது. இரண்டிலும் அவ்வுறவு அன்றைக்கே தீர்ந்துபோகிறது. வைத்துக்கொள்வது என்ற மூன்றாவது நிலைக்கு நாயனார் சரிதத்தில் விடை இல்லை. ஏனெனில் அவர் கையில் கிடைத்த பொன்மீனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு கடல் இருந்தது.

நம் குளத்துப் பொன்மீனுக்கு அது இல்லை. சீன தேசத்துக் குளங்களில் வாழ்ந்த, சாம்பலும் பசுமையும் கலந்த நிறமுடைய ஒரு கெண்டையினத்தில், எப்போதாவது செந்நிறமும் பொன்னிறமுமாய்ச் சில குஞ்சுகள் பிறப்பதுண்டு. இயற்கையான ஆற்றில் அந்த நிறமே அவற்றுக்கு யமன்; கொக்கின் கண்ணுக்கு முதலில் தென்படுவது அதுதான். ஆனால், பிடிபட்ட உயிர்களை விடுவிப்பது புண்ணியம் என்று கருதிய பௌத்தர்கள், கொலைக்கு அஞ்சவேண்டாத அபயக் குளங்களை அமைத்து, அவற்றில் இந்தப் பொன்னிறக் குஞ்சுகளையும் விட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சொங் வம்ச அரசர் காலத்தில், அவ்வாறு பிழைத்த மீன்களைத் தேர்ந்து வளர்க்கும் கலை அரண்மனைத் தோட்டங்களிலும் பரவி, பின்னர் ஜப்பானுக்கும், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் சென்றது. ஆகவே, கருணையினால் உயிர்பிழைத்து, கருணையினாலேயே உருவமும் நிறமும் நிலைபெற்ற ஜீவன் இது. இந்த உருவத்தில் இது வாழ்வதற்குரிய நதி உலகில் எங்குமே இல்லை. காட்டு நீரில் விட்டால் பளிச்சென்ற நிறமுள்ளவை இரையாகிவிட, எஞ்சியவற்றின் சந்ததி சில தலைமுறைகளில் முன்னோரின் மங்கிய நிறத்துக்கே திரும்பிவிடுகிறது. அவ்வாறு விடப்பட்டவை அவுஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் ஏரிகளின் அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கி, அங்கேயே பிறந்த உயிர்களின் வாழ்வைக் கெடுத்து வருகின்றன. அதிபத்தருக்குத் திறந்திருந்த வாசல் நமக்கு அடைபட்டிருக்கிறது. விடுவிப்பது இங்கே தருமமாகாது.

அப்படியாயின் இந்த உறவுக்கு என்ன பெயர்? சிறை என்று சிலர் சொல்வர். உடைமை என்று சட்டம் சொல்லும். அடைக்கலம் என்பதே பொருந்தும் என்று நான் கருதுகிறேன். ஆனால் அடைக்கலம் கேட்காத ஒன்றுக்கு நாமே வலிந்து கொடுத்த அடைக்கலம் இது என்பதையும் மறக்கக்கூடாது. மன்னாரில் சைவரும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் அயலயலே வாழ்கிறார்கள்; இந்த விஷயத்தில் மூன்று சமயங்களும் ஒரே திசையில் கைகாட்டுகின்றன. ஒரு பெண் பூனையொன்றை அடைத்துவைத்து, தானும் உணவிடாமல், அது தானே இரைதேடித் தின்னவும் விடாமல் சாகவிட்டதனால் தண்டனைக்குள்ளானாள் என்று நபிகள் நாயகம் கூறியதாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுதிகள் சொல்கின்றன. அந்த வரலாற்றின் நுட்பம் எனக்கு மிகுந்த வியப்பளிக்கிறது. குற்றம் கதவைச் சாத்தியதோடு முடியவில்லை; தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஆற்றலை ஓர் உயிரிடமிருந்து பறித்தபின், பறித்தவன் அந்த ஆற்றலுக்கு ஈடாகத் தான் நிற்கவில்லை என்பதே குற்றத்தின் முழு வடிவம். கடல் மீன்கள்மீது மனிதனுக்கு ஆளுகை கொடுத்ததாகச் சொல்லும் ஆதியாகமம், அடுத்த அதிகாரத்திலேயே தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அவனை வைத்ததாகச் சொல்வதும் இதே கருத்துக்குத்தான் துணைசெய்கிறது.

நம் புராணம் இதை இன்னும் விரித்துச் சொல்கிறது. திராவிட தேசத்து அரசனான சத்தியவிரதன் கிருதமாலை நதியில் நின்று நீர்க்கடன் செய்கையில், அவன் கையில் அள்ளிய நீரில் ஒரு சிறு மீன் வந்து, பெரிய மீன்களிடமிருந்து தன்னைக் காக்கும்படி வேண்டியது என்கிறது பாகவதம். அந்தக் கிருதமாலையின் பெயரைத் தாங்கிய சிற்றாறு இன்றும் மதுரையில் உண்டு. தலைமன்னாரிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பாலுள்ள நாடுதான் அது. அரசன் அந்த மீனைக் கமண்டலத்தில் வைத்தான். ஓரிரவில் அது கமண்டலம் கொள்ளாமல் வளர்ந்தது. பின் சாடியில், பின் குளத்தில், பின் ஏரியில், கடைசியில் கடலில் விட்டான். மீன் திருமால் என்று தெரிந்தபிறகு அவன் அடைந்த பேறுகளைப் பற்றிக் கதாப்பிரசங்கிகள் விரிவாகப் பேசுவார்கள். எனக்கோ, அது யாரென்று தெரியாத அந்த முந்தைய நாட்களே பெரியவை. மீன் வளர வளரப் பாத்திரத்தை மாற்றிக்கொண்டே போனான். நேற்றுக் காப்பாற்றினேனே, இன்று என்ன என்று அவன் கேட்கவில்லை. விரல் நீளத்தில் வாங்கிய சாதாரணப் பொன்மீன் நல்ல குளத்தில் ஓரடிவரை வளரக்கூடியது. பத்து ஆண்டுகளுக்கு மேலும், நன்கு பேணினால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழக்கூடியது. அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து மேசையில் அழகு பார்ப்பவர், மீனின் முதல் பிரார்த்தனையை ஏற்றுவிட்டு அதன் தொடர்ச்சியை மறுத்தவராகிறார்.

சைவ சித்தாந்தம் இறைவன் உயிர்களுக்குத் தனு (உடல்), கரணம் (கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) என்ற நான்கையும் கருணையினால் கொடுத்தருளுகிறான் என்று உபதேசிக்கிறது. குளம் கட்டுபவன் அவற்றுள் ஒன்றை, புவனத்தை, ஒரு மிகச் சிறிய அளவில் தானும் கொடுக்கத் துணிகிறான்: அந்த மீனுக்கு வெளிச்சம் எவ்வளவு, நிழல் எவ்வளவு, நீர் எப்படிப்பட்டது, துணை எத்தனை என்பதெல்லாம் அவன் கையில் இருக்கின்றன. இவ்வளவு அதிகாரம், தானும் பாசத்தில் கட்டுண்ட ஒரு பசுவின், அதாவது ஓர் ஆன்மாவின், கையில் கிடைப்பது அபாயமானது. சர்வஞ்ஞத்துவம் இல்லாதவன் சிருஷ்டித் தொழிலில் இறங்கினால், இல்லாத அறிவைச் சிரத்தையினால் ஈடுசெய்தே ஆகவேண்டும்.

அந்தச் சிரத்தை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இங்கேதான் தத்துவம் வாளியைத் தூக்குகிறது. புதிய சீமெந்துத் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் கசியும்; வாழைத்தண்டுகளை வெட்டிப்போட்டு ஊறவைத்து, பல முறை நீரை இறைத்து மாற்றிய பின்னரே அதில் உயிர் விடலாம். மீனின் செவுள்வழி வெளிப்படும் அமோனியா அதற்கே நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குளத்தின் கல்லிலும் மணலிலும் குடியேறி அந்த நஞ்சைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அவை பெருகுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் முதல் நாளிலேயே குளம் நிறைய மீன் விடுவோர் அடுத்த வாரம் மிதக்கும் உடல்களை அள்ளுகிறார்கள். குளிர்நீரை விரும்பும் இந்த மீனுக்கு மன்னாரின் வெயில் கொடியது. சூடேறிய நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். இரவெல்லாம் செடிகளும் அதையே சுவாசிப்பதால், விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். ஆகவே அல்லியிலையோ கிடுகுப் பந்தலோ நிழல் தரவேண்டும். கொக்குக்கும் மீன்கொத்திக்கும் தடுப்பாக ஒரு வலையும் வேண்டும். உணவு விஷயத்தில்தான் நம் அன்பு அடிக்கடி தவறிப்போகிறது. பொன்மீனுக்கு இரைப்பை கிடையாது. கிடைத்ததையெல்லாம் கொறித்துக்கொண்டே இருப்பது அதன் சுபாவம். வந்த விருந்தினர் ஆளுக்கொரு துண்டு பாண் பிய்த்துப்போட்டு, அது ஓடிவந்து கவ்வுவதைப் பார்த்து மகிழும்போது, தின்னாது மிஞ்சியது அடியில் அழுகி நஞ்சாகிறது. கொடுப்பவனின் ஆனந்தமும் பெறுபவனின் நன்மையும் வேறுவேறு என்பதைத் தானதருமம் செய்வோர் எல்லாரும் இந்தக் குளத்தருகே வந்து கற்கலாம்.

நீர் பற்றிய கேள்வி இதனினும் பாரமானது. இத்தீவில் நன்னீர் என்பது மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்பது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகும். மாரி மழை ஓய்ந்து, சோளகக் காற்று மணலை வாரியிறைக்கும் வறண்ட மாதங்களில், அயலார் குடத்துடன் நடக்கும்போது என் வீட்டில் அலங்கார மீனுக்கு நீர் மாற்றுவது தருமமா? குளத்தில் மாற்றும் நீர் அப்படியே முருங்கைக்கும் வாழைக்கும் கத்தரிக்கும் போனால், மீனின் கழிவே அவற்றுக்கு உரமாகி, ஒரு வாளி நீர் இரண்டு காரியம் செய்கிறது. அந்த அளவில் அது தருமமே. ஆனால் அயல்வீட்டுக் குடம் வெறுமையாகும் நிலை வந்தால் மீன் குளத்துக்கு நியாயம் சொல்ல என்னால் முடியாது. சிவராத்திரியில் திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தத்திலிருந்து அடியார்கள் தாமே நீர் சுமந்துவந்து மகாலிங்கத்துக்கு அபிஷேகம் செய்வதைக் கண்டவர்களுக்கு, நீரைச் சுமக்கும் தோளின் அருமை தெரியும்.

உயிர்க்கொலை பற்றி ஓர் ஐயமும் எழும்: பொன்மீன் நுளம்புக் குடம்பிகளைத் தின்னுகிறதே, அதற்கு இடம்கொடுத்தவன் ஜீவகாருண்யத்தைப் பற்றிப் பேசலாமா? இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், அதுவரை இந்நாட்டில் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபென்சை என்னும் மலேரியா நுளம்பு மன்னார்த் தீவிலேதான், வீட்டுக் கிணறுகளில், கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தடுக்கச் சுகாதாரப் பகுதியினர் செய்தவற்றுள் ஒன்று, குடம்பி தின்னும் சிறு மீன்களைக் கிணறுகளில் விட்டது. மீனில்லாத குளம் அஹிம்சையின் சின்னமாகாது. அது அயல்வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்குக் காரணமாகலாம். எந்த உயிருக்கும் தீங்கே வராத ஓர் இடத்தில் நின்று அறம் செய்யும் வாய்ப்பு தேகம் எடுத்தவர்க்கு இல்லை.

மன்னார்ப் பட்டணத்து வீதிகளில் திரியும் கழுதைகளை எல்லாரும் அறிவோம். ஒரு காலத்தில் பொதி சுமப்பதற்காக மனிதன் வைத்திருந்தவை அவை. வாகனங்கள் வந்தபின் வேண்டாதவையாகி, குப்பையை மேய்ந்து, வண்டிகளில் அடிபட்டு அலைகின்றன. அவற்றுக்குச் சிகிச்சை செய்ய அண்மைக்காலத்தில் சிலர் முன்வந்தது இவ்வூரின் புண்ணியம். கழுதைக்காவது நாலு கால் உண்டு; கைவிட்டாலும் நடந்து இரை தேடும். வளர்ப்புயிர்களை விட்டுவிட்டு மனிதரே ஓடவேண்டிய காலமும் இத்தீவுக்கு வந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் எருக்கலம்பிட்டி முதலான ஊர்களின் இஸ்லாமிய மக்கள் அனைவரும் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பல்லாண்டு நீடித்த உள்நாட்டு யுத்தத்தில் தமிழ்க் குடும்பங்களும் வள்ளமேறி இராமேஸ்வரக் கரைக்குப் போயின. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களிடம் ஆட்டையும் மாட்டையும் ஏன் விட்டீர்கள் என்று கேட்க எவருக்கும் நாவில்லை. ஆயினும், அவிழ்த்துவிட்ட ஆடு மேயும். நாய் பின்னாலே ஓடிவரும். தொட்டி மீன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து நீர் வற்றும்வரை காத்திருக்கும். இவ்வளவு முழுமையாக நம்மைச் சார்ந்திருக்கும் வேறொரு வளர்ப்புயிர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவேதான் மிகச் சிறியதான இந்த உயிரின் விஷயத்தில் நம் பொறுப்பு மிகப் பெரியதாகிறது.

எனவே குளம் கட்ட எண்ணும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. நீங்கள் வெளியூர் போனால் பார்க்க ஓர் அயலவர் உண்டா என்று முதலில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கோடையில் உங்கள் கிணறு எப்படி இருக்கும் என்பதையும் ஒரு வருஷம் கவனித்த பின்னர் மீன் வாங்குங்கள். மாரியில் குளம் நிரம்பி வழிந்து மீன்கள் வாய்க்காலுக்குப் போகாதபடி விளிம்பை உயர்த்திக் கட்டுங்கள். இனி வளர்க்க இயலாது என்ற நிலை வந்தால், வளர்க்க வல்ல இன்னொரு வீட்டாரிடம் மீன்களை ஒப்படையுங்கள். புண்ணியம் என்று கருதி அவற்றைக் கட்டுக்கரைக்குளத்திலோ பாலாவியிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.