பெயர் மாற்றிக்கொள்ளும் கார்கள்

ஹாரன் அடிப்பதற்கு என்ன அர்த்தம்? 'நான் இங்கே இருக்கேன், பார்த்து வா' என்பதுதானே? கேட்டவர் ஒதுங்கிக்கொள்வார். சத்தம் காற்றில் கரைந்துவிடும். நேற்று சாயங்காலம் எந்தத் தெருவில் ஹாரன் அடித்தீர்கள் என்று யாரும் நோட்டுப் போட்டு எழுதி வைப்பதில்லை.

கார்களே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் வினாடிக்குப் பத்து தடவை வரை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற லாரி உங்கள் காருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். உயிர் காக்கிற சமாசாரம். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால், இந்த ஹாரனை எழுதி வைக்க முடியும்.

'தப்பு செய்யாதவனுக்கு என்ன சார் பயம்?' என்பீர்கள். டாக்டரைப் பார்க்கப் போவது தப்பில்லை. வேறு வேலைக்கு இன்டர்வியூ போவதும் தப்பில்லை. அதை யாரிடம் சொல்வது என்பது உங்கள் இஷ்டம், அவ்வளவுதான்.

எழுதி வைத்தால் என்ன ஆகும்? ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்கள் கம்பெனிக்கு அனுப்பிய தகவல்களையே பாருங்கள். சுமார் 8 லட்சம் எலெக்ட்ரிக் கார்களின் விவரங்கள் சரியான பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்தது 2024 டிசம்பரில் அம்பலமானது. அதில் ஏறக்குறைய 4.6 லட்சம் கார்கள் எங்கெங்கே நின்றன என்பதும் இருந்தது. ஹாம்பர்க் போலீஸ் வண்டிகள் உட்பட!

பேசும் கார்களுக்கு இன்ஜினீயர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கார் தன் அடையாளத்தைச் சொல்லாமல் ஒரு புனைபெயரில் பேசும். அதையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை. ஆளில்லாத ரோட்டில் தனியாகப் போகும்போது பெயரை மாற்றி என்ன புண்ணியம்? அதே ஒற்றைக் கார்தானே! நெரிசலான சிக்னலில் இருபது கார்கள் ஒரே சமயத்தில் மாற்றினால்தான் யார் யாரென்று குழம்பும்.

ஆக, என் அந்தரங்கத்தை நான் மட்டும் தனியாகக் காப்பாற்ற முடியாது. பக்கத்துக் கார்க்காரரும் மறைந்தால்தான் நான் மறைவேன். 'எனக்கு மறைக்க ஒன்றுமில்லை' என்று ஒவ்வொருவராக விலகிக்கொண்டால், அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பித்துப் போகிற ஒருத்தி அந்த ரோட்டில் தனியாக நிற்பாள்.

அடுத்த தடவை கார் வாங்கும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். 'நான் போகிற இடத்தையெல்லாம் எழுதி வைப்பீங்களா? எத்தனை நாளைக்கு?'

உங்களுக்காக இல்லாவிட்டாலும், அவளுக்காக.