பலன் தராத நோன்பு

வடதிசைக் கடல்களின் குளிர்நீர் இறால் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளில் பெண்ணாக மாறிவிடும். ஆகவே வலையில் விழும் பெரிய இறால்கள் பெரும்பாலும் பெண்களே. அமெரிக்காவின் மெயின் வளைகுடாவில் சினை இறால்கள் குளிர்காலத்தில் முட்டை பொரிக்கக் கரையை நெருங்கும். மற்றத் தொழில் மந்தமாக இருக்கும் அந்த மாதங்களில் பல சிறு படகுக்காரர்களின் வீட்டில் அடுப்பெரிய அவை உதவின.

2014 முதல் அங்கே இறால் பிடிக்கத் தடை. வலைகள் மடிக்கப்பட்டுப் பத்தாண்டுக்கு மேலாகியும் இறால் திரும்பவில்லை. 2025 குளிர்காலத்தில் ஆய்வுக்காகச் சில படகுகளை அனுமதித்தார்கள். எல்லாப் படகுகளுக்கும் சேர்த்துக் கிடைத்தவை வெறும் 70 இறால்கள்.

பலன் வராது என்று தெரிந்தபிறகும் இப்படி வலையை மடித்திருக்கும் நோன்பு கடமையாகுமா?

இறால் அருகியதில் மீனவர்மேல் பழியே இல்லை என்று சொல்ல முடியாது. 2010, 2011 பருவங்களில் நிர்ணயித்த அளவையும் தாண்டிப் பிடித்தார்கள். பருவத்தை முன்கூட்டியே மூட வேண்டியதாயிற்று. ஆனால் 2012இல் வளைகுடா நீர் வழக்கத்தைவிட மிகவும் சூடேறியது. தெற்கேயிருந்து கணவாய்க் கூட்டம் பெருமளவில் வந்து இறாலைத் தின்றது. அட்லாண்டிக்கின் மேற்குக் கரையில் இந்த இறால் வாழும் தென்கோடி எல்லையே இந்த வளைகுடாதான். நீர் இன்னும் கொஞ்சம் சூடானால் ஒதுங்க அதற்கு இடமில்லை. அந்தச் சூட்டை மீனவர் உண்டாக்கவில்லை.

நல்லெண்ணத்தின் மதிப்பு அது சாதிப்பதில் இல்லை, அந்த எண்ணத்திலேயே இருக்கிறது என்றார் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட், 1785இல். அதன்படி, மனமுவந்து வலையை மடித்தவரின் செயல் இறால் வராததால் சிறுத்துவிடாது. எஞ்சியிருக்கும் கொஞ்சத்தையும் வாரிக்கொண்டு போவதைவிட விட்டுவைப்பது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வருமானம் இழந்தவரிடம் இந்த ஆறுதலை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது அநியாயம்.

1979இல் தத்துவஞானி ஹான்ஸ் யோனாஸ் வேறு பக்கத்திலிருந்து யோசித்தார். தொழில்நுட்பத்தால் மனிதச் செயலின் விளைவு இடத்தையும் தலைமுறையையும் தாண்டிப் போகிறது. பொறுப்பும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அவர் வாதம். அப்படியானால் இறாலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், எங்கோ நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வாழ்பவருக்கும் இந்த நோன்பில் பங்குண்டு. இன்று நோற்பவர் ஒருவர், கடலைச் சூடாக்குபவர் பலர். மீனவரின் கட்டுப்பாடு சரியானதே. அதன் சுமையை அவர்மேல் மட்டும் ஏற்றியதுதான் பிழை. அவருடைய இழப்பை ஈடுகட்டுவதும் புகையைக் குறைப்பதும் தருமச் செயல்கள் அல்ல, கொடுக்க வேண்டிய கடன்.

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகும். அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் இதே இறாலுக்குப் பெரும்பங்கு உண்டு. எவ்வளவு பிடிக்கலாம் என்று விஞ்ஞானிகள் அங்கே ஆண்டுதோறும் பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பரிந்துரை படகுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். நீரைச் சூடாக்குவோரை அது தொடுவதில்லை.