நன்றியும் முறையீடும்

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மராட்டிய மாநிலத்துக் கில்லாரி வட்டாரச் சிற்றூர்கள் நிலநடுக்கத்தால் இடிந்து வீழ்ந்தன. கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்களே உறங்கினோர்மீது சரிந்தன. அரசும் தொண்டு நிறுவனங்களும் வேற்றிடத்தில் புதிய ஊர்களை அமைத்தளித்தன. அகன்ற தெருக்கள், நகரத்து ஒழுங்கு! ஆயினும், மாடு கட்டப் போதிய இடமில்லை, உறவினர் வீடு தொலைவாயிற்று என மக்கள் குறைகூறினர்.

உயிர் பிழைத்தும் முறையீடா என்று வினவுதல் எளிது. வள்ளுவரோ செய்ந்நன்றியறிதலை அடுத்து நடுவுநிலைமையை வைத்தார். உதவியவரிடத்து நன்றியை நினைக்குங்கால் நடுவுநிலை சிதையக்கூடும். அங்கும் சிதையலாகாது என்பதற்கே அவ்வைப்பு என்பார் பரிமேலழகர். (என்னே உரைநுட்பம்!) அங்ஙனமாயின், வீட்டிற்கு நன்றி கூறிய நாவே அதன் குறையையும் கூறக் கடமைப்பட்டது. கொடுத்தவர் திறப்பு விழா முடிந்து ஊர் திரும்புவார். மழையும் வெயிலும் அவ்வீட்டில் காண்பவர் பெற்றவரே. அவர் வாய் திறவாவிடின், தொழுவத்திற்கு இடம்விட வரைபடக்காரருக்கு எங்ஙனம் தோன்றும்?