குடிசையும் திருமாளிகையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

ஆழ்வார்திருநகரியில், ஆதிநாதர் திருக்கோயிலுக்கு அருகே நான்கு தலைமுறைகளாக அடியோங்கள் குடியிருந்த குடிசையைச் சென்ற தை மாதம் கிரயம் செய்து கொடுத்தோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டில் கிணறு என்று அமைந்த பழைய வீடு. வைகாசித் திருநாளின் ஐந்தாம் நாள் நவதிருப்பதி எம்பெருமான்கள் ஒன்பதின்மரும் கருட வாகனத்தில் எழுந்தருளும்போது, அந்தக் கூடத்தில் ஐம்பது பேருக்குக் குறையாமல் ததீயாராதனம் நடந்ததுண்டு. திவ்யதேச வாசம் வாய்த்தவர்கள் அதைக் காசுக்குக் கைவிடலாமா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அக்கேள்வி எங்களையும் பல இரவுகள் உறங்கவிடவில்லை. அதை எண்ணிப் பார்த்த வழியை இங்கே விண்ணப்பிக்கிறோம்.

விற்க வேண்டிவந்த காரணம் எளியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இப்பக்கத்தவர் எவரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, கூடத்தில் முழங்காலளவு நீர். மச்சில் ஏறி அமர்ந்து, திருவாராதனப் பெருமாளை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தோம். நீர் வடிந்தபின் சுவர்கள் ஊறி நின்றன. பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். மனையாளுக்கு முழங்கால் வலி. அந்த வீட்டிலோ வாசல் முதல் கிணற்றடி வரை எங்கும் படிகள். பாளையங்கோட்டையில் இரண்டறைக் குடியிருப்பு ஒன்றைப் பார்த்து முடித்தோம்.

வங்கியில் 36 ஆண்டுகள் பிறருடைய மூலப்பத்திரங்களையும் வில்லங்கச் சான்றுகளையும் புரட்டியவர்கள் நாம். ஒரு மனை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பின்னோக்கிச் சென்று, ஓரிடத்தில் போதும் என்று நிறுத்துவது அத்தொழிலின் வழக்கம். சொந்த வீட்டை விற்கும்போது வருமான வரிச் சட்டமும் 2001 ஏப்ரல் 1 அன்று அதன் நியாயச் சந்தை மதிப்பு என்ன என்று கேட்கிறது. மதிப்பீட்டாளரின் சான்றைக் காட்டினால் தீர்ந்தது. நம் ஸம்ப்ரதாயம் அப்படி நடுவழியில் நிற்பதில்லை. அது என்றைக்கு உன்னுடையதாக இருந்தது என்று கேட்கிறது. திருவாய்மொழி முதற்பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில் ஆழ்வார் நான், எனது என்னும் இரண்டும் அடியோடு அறவேண்டும் என்று உபதேசித்தது இந்த ஊரில்தான். குடியிருக்கும் மனைக்கும், பற்று விடுதலுக்கும், மோக்ஷத்துக்கும் வீடு என்ற ஒரே சொல் தமிழில் அமைந்திருப்பதை இளமையில் வெறும் சொல்நயமாகக் கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

ஊரை விட்டு நீங்குவதும் இவ்வூருக்குப் புதிதன்று. படையெடுப்புக் காலத்தில் ஆழ்வாரே திருக்குருகூரை விட்டுப் பிற தேசங்களில் எழுந்தருளியிருந்தார். பின்னர்த் திருவாய்மொழிப்பிள்ளை, காடு மண்டிக்கிடந்த ஊரைச் சீர்திருத்தி, ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப்பண்ணினார் என்பது குருபரம்பரைச் செய்தி. அவர் அன்று ஊரை மீட்டிராவிட்டால் எங்கள் முன்னோர் இங்கே குடிவைக்க இடம் ஏது?

இவ்வாறெல்லாம் எண்ணி மனத்தைத் தேற்றிக்கொண்டோம். வீடு நம்முடையதன்று என்பது நன்றாகவே பிடிபட்டுவிட்டது என்றும் நம்பினோம். ஆனால் சோதனை வேறு வாசல் வழியாக வந்தது.

அத்யாபக கோஷ்டியில் சேவிக்கும் இளைஞர் ஒருவர் வீட்டைக் கேட்டிருந்தார். வங்கிக் கடனும் கைப்பணமும் சேர்த்து அவரால் இயன்ற தொகையைச் சொன்னார். நாமும் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டோம். பத்து நாள் கழித்து ஒரு வியாபாரி வந்தார். வீட்டை இடித்துக் கடைகள் கட்டுவது அவர் எண்ணம். 8 லட்சம் அதிகம் தருவதாகச் சொன்னார். இளைஞரிடம் முன்பணம் வாங்கவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை. எங்களைக் கட்டிப்போடும் காகிதம் எதுவும் இல்லை என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். அப்போது நம் வாயில் வந்த வாதம்தான் விந்தையானது. "நம்முடையதல்லாத ஒன்றை வாங்குகிறவர் இடித்தால் என்ன, வைத்துக்கொண்டால் என்ன? எல்லாம் பெருமாளுடையது" என்றோம்.

மனையாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்: "ஏன்னா, எல்லாம் பெருமாளோடதுன்னு சொல்றேளே, அந்த எட்டு லட்சம் மட்டும் யாரோடது?"

விடை சொல்லவில்லை. வீட்டைப் பிரியும் துயரத்துக்கு 'என்னுடையதன்று' என்ற மருந்தை உண்டவர்கள், விலை பேசும்போது மட்டும் 'என்னுடையது' என்று கணக்கு வைத்திருந்தோம். அந்த 8 லட்சத்துக்கு நல்ல காரணங்களும் இருந்தன: முதுமைக்கால மருத்துவச் செலவு, அதில் ஒரு பங்கை உத்ஸவ கைங்கர்யத்துக்குத் தரலாம் என்ற எண்ணம். கூரத்தாழ்வான் தம் செல்வத்தையெல்லாம் துறந்து திருவரங்கம் புறப்பட்டபோது, தேவிகள் ஆண்டாள் மடியில் ஒரு பொன்வட்டிலை மறைத்து எடுத்துவந்த வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். காட்டு வழியில் அவருக்குப் பயம் தோன்ற, ஆழ்வான் காரணம் கேட்டறிந்து வட்டிலை வீசி எறிந்தார். அந்த வட்டிலுக்கும் நல்ல காரணம் இருந்தது. ஆழ்வான் அமுது செய்வதற்கென்றுதான் எடுத்துவந்தார். ஆழ்வான் துறந்தார், அடியோங்கள் விற்றோம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் துணிவு எங்களுக்கு இல்லை. மடியில் இருப்பது என்ன என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும் அந்த வரலாறு உதவியது.

முதலில் சொன்ன விலைக்கே இளைஞருக்குப் பத்திரம் பதிந்தோம். 8 லட்சத்தின் நினைவு இன்னும் அவ்வப்போது வருகிறது, அதை மறைப்பானேன்? பெரியவர் கேட்ட கேள்விக்கும் முழு விடை எங்களிடம் இல்லை. வீட்டைப் பற்றிய ஏக்கம் குறைந்திருக்கிறது. காலையில் எழுந்தவுடன் திருப்புளியாழ்வாரை வலம்வரக் கால்கள் தாமே திரும்புகின்றனவே, அந்தக் குறை குறையவில்லை. அது குறையவேண்டும் என்றும் நாம் விரும்பவில்லை.

வரும் வைகாசிக் கருட சேவைக்குத் தங்களிடமே வந்து தங்கவேண்டும் என்று அந்த இளைஞர் அழைத்திருக்கிறார். "முதல்நாள் மாலை குடிசைக்கு வந்து சேர்வோம்" என்று கைப்பேசியில் எழுதிவிட்டு, அனுப்புமுன் ஒருமுறை படித்தோம். குடிசை என்ற சொல்லை அழித்து, "தேவரீர் திருமாளிகைக்கு" என்று திருத்தி அனுப்பினோம்.