அதே வண்டிதானா?

ஒரு பொருளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால், எந்த உறுப்போடு அது பழைய பொருளாக இருப்பது நின்றுபோகிறது என்ற கேள்வி, தத்துவ நூல்களில் கப்பலாகவும் தேராகவும் வடிவெடுத்து நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. தீசியஸ் ஏறிச்சென்ற கப்பலின் மக்கிய பலகைகளை ஏதென்ஸ் நகரத்தார் புதுப்பலகைகளால் மாற்றிப் பேணியதையும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்ததையும் புளூட்டார்க் எழுதிவைத்தார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளைக் கொண்டே இரண்டாவது கப்பல் ஒன்று கட்டப்பட்டால் இரண்டில் எது தீசியசின் கப்பல் என்று கேட்டு, 1655-இல் வெளிவந்த 'தெ கார்ப்போரே' என்னும் நூலில் தாமஸ் ஹாப்ஸ் சிக்கலை இரட்டிப்பாக்கினார். பாலி மொழியில் உள்ள 'மிலிந்த பஞ்ஹா'வில் நாகசேனர் என்னும் துறவி, அரசன் மிலிந்தன் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று வினவி, தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு வழங்கும் பெயர் மட்டுமே என்ற முடிவுக்கு அவனைக் கொண்டுவருகிறார். இவ்வாதங்களில் ஒரு வசதி உண்டு: விடை எப்படி அமைந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. அதே கேள்வி கைநிறைய கிரீஸோடும், எதிரே ஒரு பரிசுக் கோப்பையோடும் கேட்கப்படும் இடம் பிரிட்டனில் இருக்கிறது; பழைய பிரிட்டிஷ் ட்ரயல்ஸ் மோட்டார்சைக்கிள்களுக்கான போட்டிகள்தாம் அவ்விடம்.

ட்ரயல்ஸ் வேகத்தை அளக்கும் பந்தயம் அன்று. பாறைக் குவியல், ஓடைப்படுகை, வேர் புடைத்த சேற்றுச் சரிவு ஆகியவற்றில் எல்லை குறித்து ஒதுக்கப்பட்ட, செக்‌ஷன் எனப்படும் குறுகிய பகுதிகளை, ஃபுட்ரெஸ்ட்டின்மேல் நின்றபடி, காலைத் தரையில் ஊன்றாமல், வண்டியை நிறுத்தாமல் கடப்பதே இதில் வேண்டப்படுவது. ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி, மூன்று முறையும் அதற்கு மேலும் எத்தனை முறை ஊன்றினாலும் 3, வண்டி நின்றாலோ எல்லையை விட்டு வெளியேறினாலோ 5 எனப் புள்ளிகள் தண்டனையாகச் சேர்கின்றன. குறைந்த புள்ளி வைத்திருப்பவரே வென்றவர். சில இடைவெளிகள் நீங்கலாக 1909 முதல் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் நடந்துவரும் 'ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரயல்' இத்துறையின் தலையாய போட்டி. 1961-இல் கோர்டன் ஜாக்சன் 350 சிசி ஏஜேஎஸ் வண்டியில் அந்த ஆறு நாள்களையும் ஒரே ஒரு புள்ளி இழப்போடு முடித்தார். ஆறு நாள் நோன்பில் ஒரே ஒரு வாய்த் தண்ணீர் குடித்தவரின் கணக்கைப் போன்றது அது.

அக்காலத்து வண்டிகள் கனமானவை. ஏரியல், ஏஜேஎஸ், மேட்ச்லெஸ், பிஎஸ்ஏ, நார்ட்டன் போன்ற தொழிற்சாலைகள் சாலை வண்டிகளை அடிப்படையாக வைத்தே ட்ரயல்ஸ் வண்டிகளை உருவாக்கின. இவ்வகையின் உச்சம் என்று பலரும் கருதுவது, பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த சாமி மில்லர் ஓட்டிய, ஜிஓவி 132 என்ற பதிவெண் கொண்ட 500 சிசி ஏரியல் வண்டி. அதில் அவர் 1962-இலும் 1964-இலும் ஸ்காட்டிஷ் போட்டியை வென்றார். 1964-இன் இறுதியில் ஸ்பெயினின் புல்டாக்கோ நிறுவனத்துக்குச் சென்று, அவர்களுடைய இலகுவான டூ-ஸ்ட்ரோக் வண்டியைச் சீர்செய்து, 1965-இல் அதிலேயே மறுபடியும் வென்றார். அதன்பின் பெரிய பிரிட்டிஷ் வண்டிகள் சில ஆண்டுகளிலேயே களத்தை விட்டு மறைந்தன. பிற்காலத்தில் பழைய வண்டிகளுக்கெனத் தனிப்போட்டி வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது 1965 எல்லைக்கோடானது இதனால்தான். 'ப்ரீ-65' என்ற சொல் அவ்வாண்டுக்கு முன் செய்யப்பட்ட வண்டியையோ, அதன் வடிவை ஒத்த உறுப்புகளால் அமைந்த வண்டியையோ குறிக்கும். இப்பிரிவின் மிகப் புகழ்பெற்ற போட்டி, 1984 முதல் ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவன் என்னும் சிற்றூரைச் சுற்றி நடந்துவருகிறது.

மேற்சொன்ன விளக்கத்தில் 'ஒத்த' என்ற சொல்லே எல்லாச் சிக்கலுக்கும் வாசல். ட்ரையம்ஃப் நிறுவனத்தின் 199 சிசி டைகர் கப், ஒருகாலத்தில் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போய்வர வாங்கப்பட்ட சிறிய வண்டி. இன்று ப்ரீ-65 களத்தில் மிகுதியாகக் காணப்படும் வண்டிகளுள் ஒன்று. அத்தகைய ஒன்றை அருகில் சென்று பார்த்தால், டேங்கின்மேல் பழைய முத்திரை இருக்கும். எஞ்சினின் வார்ப்புப் பெட்டி பழையதாகவோ பழைய அச்சில் புதிதாக வார்த்ததாகவோ இருக்கும். சட்டகம் (ஃபிரேம்) இலகுவான குழாய்களைக் கொண்டு புதிதாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும்; முன் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கவ்விகள், வண்டி இறுக்கமான வளைவில் திரும்ப ஏதுவாக, பழைய கோணத்தினின்றும் சற்றே நிமிர்த்தி அமைக்கப்பட்டிருக்கும்; ஃபுட்ரெஸ்ட்டுகள் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் நகர்ந்திருக்கும்; சக்கரத்தின் ஹப் அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டிருக்கும்; மிதித்தால் எப்போதாவது உதைத்துத் தள்ளும் பழைய பற்றவைப்பு முறையின் இடத்தில் மின்னணுப் பற்றவைப்பு அமைந்திருக்கும். வெளித்தோற்றத்துக்கு 1958-ஆம் ஆண்டின் ஃபோர்க்காகத் தெரிவதன் உள்ளே, அதிர்வைத் தணிக்கும் தற்கால அமைப்பு ஒன்று சொருகப்பட்டிருப்பதும் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு அதை டைகர் கப் என்றே பதிவு செய்கிறார்கள்.

அடையாளம் பருப்பொருளில் இருக்கிறது என்பது முதல் விடை, சட்டம் விரும்பும் விடையும் இதுவே. பிரிட்டனில் வாகனப் பதிவுத் துறை பல ஆண்டுகள் கடைப்பிடித்த ஒரு முறைப்படி, பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளக் குறைந்தது 8 மதிப்பெண்கள் பெறவேண்டியிருந்தது. அதில் சட்டகத்துக்கு 5, சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங் அமைப்புக்கும் தலா 2, எஞ்சினுக்கு 1. எஞ்சினே வண்டியின் உயிர் என்று நம்பும் எவரும் இக்கணக்கைக் கண்டு திகைக்கக்கூடும். ஆயினும், முழுப்பொருளின் தன்மையை இவ்வளவு துணிவாக எண்ணில் அடைத்த மெய்யியலாளர் எவருமில்லை என்பதற்காகவாவது அந்த எழுத்தர்களைப் பாராட்டலாம். இந்தியத் தத்துவத்தில் வைசேடிகர் இதைவிடக் கண்டிப்பானவர்கள். முழுப்பொருளாகிய அவயவி, தன் உறுப்புகளாகிய அவயவங்களின் வேறான தனிப்பொருள் என்றும், அவற்றோடு அது சமவாயம் என்னும் பிரியா உறவால் இணைந்திருக்கிறது என்றும் கொண்ட அவர்கள், துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்து புதிய துணி தோன்றுகிறது என்று தயங்காமல் சொன்னார்கள். அவர்களிடம் சோதனைப் பொறுப்பை ஒப்படைத்தால் செயினில் ஒரு கண்ணி மாற்றிய வண்டியும் புதுவண்டியே. போட்டிக்கு வருவோர் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

பொருள் மாறினாலும் வடிவம் நிலைக்கிறது என்னும் அரிஸ்டாட்டில் வழி விடை இன்னும் இணக்கமானது. 'ஒத்த' என்ற சொல்லை விதியில் எழுதியவர்கள் அறிந்தோ அறியாமலோ இதையே ஏற்றார்கள். ஆனால் வடிவத்துக்கும் ஊர் உண்டா என்று கேட்கத் தொடங்கினால் இதுவும் தடுமாறுகிறது. பிரிட்டிஷ் வண்டிகளுள் மிகப் பிரிட்டிஷாகக் கருதப்படும் பிஎஸ்ஏ பேண்டம், ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125 வண்டியின் வரைபடங்களைப் போர் இழப்பீடாகப் பெற்று, இடவலம் மாற்றிச் செய்யப்பட்டது. ராயல் என்ஃபீல்ட் புல்லட்டின் கதை மறுதிசையில் செல்கிறது. ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்டிஷ் போட்டியை வென்றது அந்த வண்டியில்தான். அதே வடிவம் 1950-களில் சென்னைக்கு வந்து, இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் அதன் தயாரிப்பு நின்றபிறகும், திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்யப்பட்டது. இங்கிலாந்தில் அண்மையில் கடைந்தெடுத்த புதிய உறுப்பு ஒன்றையும், 1970-களில் திருவொற்றியூரில் வார்த்த எஞ்சின் பெட்டி ஒன்றையும் ஒருசேர மேசைமேல் வைத்தால், பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு நெருங்கிய உறவு எது? முன்னதற்கு ஊர் ஒன்று. பின்னதற்கு வம்சம் ஒன்று. தேதியை மட்டும் பார்க்கும் விதி, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

வண்டியை மாற்றுவதே அந்தக் காலத்தின் மரபு என்ற மூன்றாம் விடை மாற்றக்காரர்களின் விருப்பமான வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. 1948-இல் ராயல் என்ஃபீல்ட் தன் வண்டியின் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த ஊசலாடும் கையை (ஸ்விங் ஆர்ம்) கால்மோர் ட்ரயலில் களமிறக்கியபோது, பின்சக்கரம் அசையாமல் இருந்தால்தான் தரையில் பிடிப்பு கிடைக்கும் என்று நம்பிய பலர் அதை ஐயத்தோடு பார்த்தார்கள். சில ஆண்டுகளில் ஜானி பிரிட்டனின் வெற்றி அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தது. மில்லரோ தம் ஏரியலை ஆண்டுதோறும் அறுத்தும் குடைந்தும் மாற்றியும், சுமார் 150 கிலோ இருந்த வண்டியை 110 கிலோ அளவுக்குக் கொண்டுவந்தார். அவருடைய வண்டியைத் திருகாணி பிசகாமல் நகலெடுப்பவர் அதன் உடலைப் பின்பற்றுகிறார் என்றும், மேலும் எடை குறைக்கத் துடிப்பவரே அதன் உள்ளத்தைப் பின்பற்றுகிறார் என்றும் இவர்கள் வாதிடுவதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒன்றை இவ்வாதம் சொல்லாமல் விடுகிறது. மில்லர் எடையைக் குறைத்தது, தம் காலத்தில் எட்டக்கூடிய எல்லாவற்றையும் எட்டிப்பிடிக்கும் முயற்சி. அவர்முன் எந்தத் தேதிக்கோடும் இருந்ததில்லை. இன்றைய ஓட்டுநர் கோட்டுக்குப் பின்னால் நிற்பதாகத் தாமே ஒப்புக்கொண்டு வந்தவர். நவீன வண்டிதான் வேண்டுமென்றால் அதற்குரிய போட்டிகள் ஒவ்வொரு வார இறுதியிலும் நடக்கின்றன. அவற்றுக்குப் போகாதே என்று அவரை யாரும் தடுக்கவில்லை.

ஆகவே இங்கே உண்மையான வினா, பொருளின் அடையாளத்தைவிட, ஏற்றுக்கொண்ட கட்டுப்பாட்டின் இயல்பைப் பற்றியது. பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் எழுதிய 'தி கிராஸ்ஹாப்பர்' நூலில், விளையாட்டு என்பது எளிய வழி கையெட்டும் தூரத்தில் இருந்தும், அதை விலக்கும் விதியை, அந்த விளையாட்டு நிகழவேண்டும் என்பதற்காகவே ஏற்றுக்கொள்வது என்று வரையறுத்தார். சமயங்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கின்றன. நோன்பின் அமைப்பும் இதுவே. உணவு இல்லாதவர் பட்டினி கிடக்கிறார், உணவை எதிரே வைத்துக்கொண்டு விலக்குபவரே நோன்பு நோற்கிறார். நோன்புக்கு எழுத்தும் கருத்தும் வேறுபடும் ஆபத்து எப்போதும் உண்டு என்பதைத் தமிழ்ச் சொல் ஒன்றே காட்டிக்கொடுக்கிறது: விரத நாளின் பழ உணவைக் குறித்த 'பலாகாரம்' என்னும் வடசொல்லே இன்று எண்ணெய்ச் சட்டியிலிருந்து இறங்கும் 'பலகாரம்' ஆகியிருக்கிறது. சோறு விலக்கப்பட்டது என்ற எழுத்து அப்படியே நிற்க, பசி மட்டும் விடைபெற்றுப் போய்விட்டது.

பழைய ட்ரயல்ஸ் வண்டியின் பசி அதன் கனத்திலும் மந்தத்திலும் இருக்கிறது. கின்லாக்லெவனில், அலுமினிய உருக்காலைக்கு மின்சாரம் தருவதற்காக மலையினின்று இறக்கிய நீர்க்குழாய்களின் ஓரமாக ஏறும் 'பைப்லைன்' என்னும் செங்குத்தான கற்சரிவில், பழைய வண்டியின் ஓட்டுநர் இடையில் தவறைத் திருத்த இயலாது. கீழேயிருந்து கிளம்பும்போதே எந்தக் கல்லின் எந்தப் பக்கம் முன்சக்கரம் செல்லவேண்டும் என்று முடிவு செய்து, கனத்த ஃபிளைவீலின் சுழற்சியை நம்பி, கிளட்ச்சைத் தொடாமல் ஏறவேண்டும். நவீன வண்டி கல்லின்மேல் தாவும். பழையது கல்லோடு பேரம் பேசும். இந்தப் பேரத்தை எந்த மாற்றம் காப்பாற்றுகிறது, எது ஒழிக்கிறது என்று கேட்டால், உறுப்புகளை எண்ணும் கணக்கு தலைகீழாகிறது. வெடித்த எஞ்சின் பெட்டியைப் புதிதாக வார்ப்பதும், துருப்பிடித்த ஸ்போக்குகளைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றுவதும், 70 வயதுக்காரரின் முழங்காலை முறிக்காமல் ஸ்டார்ட் ஆகட்டும் என்று மின்னணுப் பற்றவைப்பைப் பொருத்துவதும் பேரத்தைத் தொடுவதில்லை. ஸ்டீயரிங் கோணத்தைச் சிறிதே நிமிர்த்துவது, ஒரு பழைய திருகாணியையும் தூக்கியெறியாமலே, அதை முடித்துவைத்துவிடக்கூடும். இதற்கு மறுப்பும் உண்டு: எவ்வளவு கடினம் இருந்தால் போதும் என்று எந்த விதியாலும் அளந்து எழுத முடியாது, அளக்க முடிவது தேதியையும் தோற்றத்தையும் மட்டுமே. இம்மறுப்பு முழுவதும் சரி. எழுதிவைத்த எந்த நோன்பு விதிக்கும் இதே குறை பொருந்தும்.

போட்டிக்கு முன் வண்டிகளைச் சோதிக்கும் அலுவலர் ஃபோர்க்கின் வெளிக்குழாயைப் பார்க்கிறார், கவ்வியைத் தட்டிப் பார்க்கிறார், ஹப்பின் வடிவத்தைப் பழைய படங்களோடு ஒப்பிடுகிறார். ஃபோர்க்கின் மூடியைத் திருகித் திறந்து உள்ளே இருப்பதை அவர் பார்ப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் அமர்ந்து அதை இறுக்கியவருக்கு மட்டும் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும்.